கஞ்சிச் சட்டியில் ஊற்றிய மருந்து

"அப்ப பாதிப் பேருக்கு வெறும் சீனித் தண்ணியா?"

"சீனித் தண்ணியெண்டு சொல்லேலாது அக்கா. நிறம், மணம், கசப்பு எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். மருந்து மட்டும் இராது."

"மருந்து இல்லாட்டி அது பின்ன என்னா?"

"ஒப்பிட்டுப் பாக்கிறதுக்கு. மருந்து குடிச்ச ஆக்களுக்குக் கெதியாச் சுகம் வருதோ, குடிக்காத ஆக்களுக்கும் அதே மாதிரி வருதோ எண்டு பாக்க வேணும். அப்பதான் இது மருந்தால வந்த சுகம் எண்டு சொல்லலாம்."

"எங்க வீட்டுக்காரருக்குக் குடுத்தது எது?"

"எனக்குத் தெரியாது அக்கா."

"நீங்கதானே கொண்டாந்து குடுக்கிறீங்க."

"கொண்டு வாறது நான்தான். ஆனா என்னட்ட நம்பர் மட்டும்தான் இருக்கு. எதுக்குள்ள என்ன இருக்கெண்டு எனக்கும் தெரியாது, பெரிய டொக்டருக்கும் தெரியாது. தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாய்ஞ்சிடும் எண்டுதான் அப்பிடி வச்சிருக்கு."

"குடுக்கிறவனுக்கும் தெரியாது, குடிக்கிறவனுக்கும் தெரியாது" என்றார் வேலுசாமி. "கள்ளுத் தவறணையில கூட இப்பிடி இல்ல தாயி. என்னா ஊத்துறான்னு கண்ணால பாப்போம்."

சிரித்தார்கள். சிரித்தவர்கள் அத்தனை பேரும் சிரிப்பு முடிகிற இடத்தில் இருமினார்கள். வைகாசி மாதக் காற்று கொட்டாஞ்சேனையின் தகரக் கூரைகளை உலுக்கிக்கொண்டிருந்தது. ஜிந்துப்பிட்டிப் பக்கம் தொடங்கிய காய்ச்சல் தோட்டம் தோட்டமாக நுழைந்து இங்கேயும் வந்துவிட்டது. தோட்டம் என்றால் எதிரெதிரே முகம் பார்க்கும் இரண்டு வரிசை ஒற்றை அறை வீடுகள், நடுவில் ஒரு முடுக்கு, முடுக்கின் முடிவில் எல்லோருக்குமாக ஒரு குழாய். பச்சையாக இருந்தது, தோட்டத்தில் மூத்தவளான லுத்பியா பெயின்ட் வாளியில் வளர்த்த கற்பூரவள்ளி மட்டும்தான். அதிலும் இந்தக் கிழமை தண்டுதான் மிச்சம். இருமுகிற வீடுகள் இலையைக் கிள்ளிக்கொண்டு போய்விட்டன.

கேள்வி கேட்டவள் றோஸி. பதில் சொன்னவள் ரதி. வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி வருபவள், மருந்து ஆராய்ச்சி ஒன்றில் வேலை. ஆடாதோடை இலையின் சாற்றை இறக்கிப் பாணியாக்கியிருந்தார்கள். காய்ச்சலும் இருமலும் உள்ள பெரியவர்களுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். முதல்நாள் வந்தபோது முடுக்கில் நின்றபடி ரதி சொன்னாள்: "கண்ணாடித் தட்டுக்குள்ள கிருமியை வளர்த்து, அதுக்குள்ள இந்தச் சாற்றை விட்டுப் பாத்தனாங்கள். கிருமி செத்துப் போச்சு. மனிசற்ற உடம்புக்குள்ளயும் அப்பிடி நடக்குமோ எண்டு இன்னும் தெரியாது. அதுக்குத்தான் உங்களிட்ட வந்திருக்கிறன்."

அவள் இதை அவசரப்படாமல், இரண்டு தரம் சொன்னாள். தோட்டம் அதில் ஒரு துண்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டது. கிருமி செத்துப் போச்சு.

"பாவட்டா எலதானே" என்றார் வேலுசாமி. சிங்களத்தில் அதற்கு அதுதான் பெயர். முடுக்கின் வாயிலில் மேசை போட்டு உடுப்பு அயன் பண்ணுகிறவர் அவர், பிறந்தது மலைநாட்டில். "எங்க தேயிலத் தோட்டத்து லயத்துல அத வேலிக்கு வச்சிருந்தாங்க. ஆடு வாய் வைக்காது. ஆடு வேணாம்னதத்தான் இந்தப் புள்ள நமக்கு நீட்டுது."

ரதி சிரித்துக்கொண்டே பன்னிரண்டு பேருக்குப் போத்தல்களைக் கொடுத்தாள். காலையும் மாலையும் மூடியில் அளந்து குடிக்க வேண்டும். அவரவர் போத்தல் அவரவருக்கு. மூச்சு முட்டினால் ஒரு நிமிஷமும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தனக்கும் போன் பண்ண வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். செபஸ்தியனும் உள்ளேயிருந்து தலையாட்டினான்.

செபஸ்தியன் றோஸியின் புருஷன். பேலியகொடை மீன் சந்தையில் ஐஸ் தூக்குகிறவன். லொறியிலிருந்து சறுக்கி வரும் ஐஸ் பாரை ஈரச் சாக்குப் போட்ட தோளில் வாங்கி, இயந்திரத்தில் உடைத்து, சூரை மீனும் பாரை மீனும் நிறைந்த பெட்டிகளுக்குள் வாரிப் போட வேண்டும். அப்படிப் பல வருஷம் வாரிய கை அது. விரல் நுனிகள் வெளுத்து, பிளந்து, மரத்துப் போயிருந்தன. றோஸி இடியப்பம் அவிக்கிற பானையின் மூடியைத் துணியில்லாமல் வெறுங்கையால் தூக்குவான். "சுடலயா?" என்று முதலில் எல்லாம் அவள் கேட்பாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டு, அந்தக் கையை அடுப்படியில் ஒரு சாமானாகவே பயன்படுத்தினாள். "இந்தாங்க, மூடியத் தூக்குங்க." சந்தையிலிருந்து வந்து சாப்பிடுமுன் அவன் செய்யும் முதல் வேலை அதுதான்.

அவள் அவிக்கும் இடியப்பம் சுற்றுவட்டத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போகும். மாவை வறுத்து, சுடுதண்ணீரில் பிசைந்து, உரலில் அடைத்து, தட்டுத் தட்டாகப் பிழிய வேண்டும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் செபஸ்தியனுக்கு நெஞ்சில் சளி கட்டும். அந்த நாட்களில் பானையை ஒட்டிப் பலகை போட்டு உட்கார்ந்துகொள்வான். ஆவி எழும்போது முகத்தை நீட்டுவான். "மற்றவன் காசு குடுத்து ஆவி புடிக்கிறான், எனக்கு இடியப்பத்தோட சும்மா கெடைக்குது" என்பான். இந்த முறை ஆவி போதவில்லை. காய்ச்சலும் சேர்ந்திருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே தலை சாய்ந்துகொண்டிருந்தது.

ரதி போனதும் பன்னிரண்டு போத்தல்களும் குழாயடிக் கல்லுக்கு வந்துவிட்டன. எது மருந்து, எது தண்ணீர் என்று கண்டுபிடித்துவிடலாம் என்று ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். ஒருத்தி வெயிலில் வைக்கச் சொன்னாள், வெயில் இல்லை. றோஸி வெள்ளைத் துணியில் ஒவ்வொரு சொட்டு விட்டுப் பார்த்தாள். எல்லாச் சொட்டும் ஒரே பழுப்பாக ஊறின. நாக்கில் தொட்டால் எல்லாம் தொண்டை வரைக்கும் கசந்தது.

"எறும்பக் கேப்போம்" என்றார் வேலுசாமி. "சீனிய எறும்புகிட்ட ஒளிக்க முடியாது."

கல்லில் பன்னிரண்டு சொட்டு விட்டார்கள். காத்திருந்தார்கள். எறும்பு வந்தது, எல்லாச் சொட்டுக்கும் வந்தது.

"இதுங்களுக்கும் அந்த மிஸ் சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றார் அவர்.

றோஸி சிரிக்கவில்லை. அவள் கதவு வழியாகத் தன் அறைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் இருமுகிறவர்களில் செபஸ்தியனின் இருமலுக்குத்தான் அடியில் ஒரு கிழிசல் சத்தம் இருந்தது.

"ராத்தா" என்றாள் லுத்பியாவிடம். பக்கத்து அறை லுத்பியாவை வயதை வைத்து எல்லோரும், அக்கா என்ற பொருளில், ராத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். "நோன்பு காலத்துல கஞ்சிக்கு யாரு வீட்டு அரிசி?"

"எங்கட ஊட்டு அரிசி, ஒங்கட தேங்கா, வேலுட இஞ்சி. இதென்ன புதுசாக் கேக்குற?"

"எல்லாம் ஒரே சட்டியிலதானே போடுறோம்."

"வேற எதுல போடுற? ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு சட்டி வெக்க நான் என்ன ஹோட்டலா நடத்துற?" என்று சொன்ன லுத்பியா அங்கேயே நிறுத்தினாள். கல்லில் நின்ற போத்தல்களைப் பார்த்தாள். "அல்லாவே. அப்பிடியா யோசிக்கிற நீ."

"பாதிப் பேருக்கு ஒண்ணுமே இல்லங்கிறாங்க. யாருக்கு இல்லன்னு சொல்லவும் மாட்டேங்கிறாங்க. ஒண்ணா ஊத்திட்டா யாருக்கும் இல்லன்னு வராது."

"ஆனா ராத்தா, முழு மருந்து யாருக்கும் வராதே" என்றார் வேலுசாமி. "என்னோடது நல்ல போத்தல்னா நான் ஏன் அதக் குடுக்கணும்?"

"ஒங்களுது தண்ணின்னா?" என்றாள் றோஸி.

வேலுசாமி தன் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒருமுறை குலுக்கினார்.

"சட்டியக் கொண்டாங்க" என்றார்.

நோன்புக் கஞ்சிச் சட்டி லுத்பியாவின் கட்டிலுக்கடியில் கவிழ்ந்திருந்தது. கழுவித் துடைத்து எடுத்து வந்தார்கள். மூடிகள் திறந்தன. முதலில் றோஸி தன் புருஷனின் போத்தலை ஊற்றினாள். ஊற்றும்போது கை ஒரு கணம் நின்றது. பிறகு தலைகீழாகக் கவிழ்த்தாள். அதன்மேல் மற்றப் போத்தல்கள் விழுந்தன. லுத்பியா பிஸ்மி சொல்லி அகப்பையால் கலக்கினாள். கசப்பு மணம் முடுக்கு முழுக்க நின்றது.

அதன் பிறகு காலையும் மாலையும் ஆட்கள் கோப்பையோடு வந்து நின்றார்கள். லுத்பியா மூடியால் அளந்து ஊற்றுவாள். நோன்புக் கஞ்சிக்கு நிற்கிற அதே வரிசை, அதே சண்டை. "எனக்கு மேலால ஊத்தாதீங்க ராத்தா, அடியில கலக்கி ஊத்துங்க." "அடியில போறதுக்கு இது எறைச்சிக் கஞ்சியா, துண்டு தேட?" காய்ச்சல் ஒவ்வொரு வீடாக இறங்கியது. மழைக்காலத்துக் காய்ச்சல் வந்து போகிற மாதிரித்தான் போனது என்று பிறகு சிலர் சொன்னார்கள். அப்போது யாரும் அப்படிச் சொல்லவில்லை. சட்டியைத்தான் சொன்னார்கள். வேலுசாமி அயன் மேசைக்குத் திரும்பிவிட்டார். உடுப்பு கொடுக்க வருகிறவர்களிடம் எல்லாம், "கிருமி செத்துப் போச்சு, நாங்களே சாவடிச்சோம்" என்றார்.

செபஸ்தியனுக்கும் ஒரு காலையில் குப்பென்று வியர்த்தது. றோஸி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், குளிர்ந்திருந்தது. 

"காய்ச்சல் விட்டுருச்சு. ரெண்டு நாள் படுங்க."

"படுத்தா எடத்துக்கு வேற ஆள் வந்துருவான்" என்று அவன் பூட்ஸைத் தேடினான்.

மழையில் சந்தைக்குப் போனான். மத்தியானம் தெரிந்த ஒருவனின் மீன் வானில், முன் சீட்டில் சாய்த்து வைத்துக் கொண்டுவந்து விட்டார்கள். ஐஸ் பாரைத் தோளில் வாங்கியபோது நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டானாம். காய்ச்சல் திரும்பி வந்தது. ஆனால் இப்போது கொதிக்கவில்லை, மெல்லக் கனன்றது. இருமலில் சளி வரவில்லை, சத்தம்தான் வந்தது.

அன்று மாலை வரிசையில் நின்றவர்கள் கோப்பையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை. "எனக்கு நல்லமாயிருச்சு, என் பங்க அவருக்கு ஊத்துங்க." அடுத்தவளும் அப்படியே சொன்னாள். வேலுசாமி தன் கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாதிய எடுத்துக்கங்க, பாதி எனக்கு வேணும், சும்மா சொல்லக் கூடாது" என்றார். றோஸி அடி மண்டியோடு ஒரு கிளாஸ் நிறையக் கொண்டு போனாள். மூடிக் கணக்கெல்லாம் அதோடு போய்விட்டது. செபஸ்தியன் முகத்தைச் சுளித்துக் குடித்தான்.

"தோட்டமே குடுத்துவிட்டது" என்றாள் அவள்.

"தோட்டத்துக்கு வேற வேல இல்ல" என்றான். ஆனால் கிளாஸின் ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்து நக்கினான்.

ரதி பார்க்க வருகிற நாள் வந்தது. காலையிலேயே லுத்பியா புனல் வைத்து, சட்டியில் மிச்சமிருந்ததைப் போத்தல்களுக்குத் திருப்பி ஊற்றினாள். ஒழுங்காகக் குடித்திருந்தால் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று கண்ணால் மட்டம் பிடித்தார்கள். போதாத இடத்துக்குச் சாயத் தண்ணீர், பால் விடாத தேத்தண்ணி. "எனக்கு ஒரு விரல் கொறச்சு ஊத்துங்க" என்றார் வேலுசாமி, "நான் தவறாமக் குடிக்கிறவன்னு அந்தப் புள்ள நெனைக்கட்டும்."

ரதி நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு வீடு வீடாகப் போனாள். எல்லோரும் சுகம் என்றார்கள். போத்தல்களைத் தூக்கிப் பார்த்தாள்; முகத்தில் திருப்தி. கடைசியாக றோஸியின் அறைக்கு வந்தாள். செபஸ்தியன் சேர்ட் போட்டு, தலை சீவி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"எப்பிடி அண்ணா?"

"பரவாயில்ல மிஸ்."

இரண்டு சொல்லுக்கு நடுவில் அவன் மூச்சு வாங்கினான். ரதி பையிலிருந்து விரலில் மாட்டுகிற சின்னக் கருவியை எடுத்தாள். இரத்தத்தில் எவ்வளவு பிராணவாயு இருக்கிறது என்று காட்டுவது. அவன் விரலில் மாட்டினாள். கோடு ஓடியது, இலக்கம் வரவில்லை.

"ஐஸ் புடிச்ச கை மிஸ். அதுல ஒண்ணும் தெரியாது. ஐடென்டிட்டி கார்டுக்கு ரேகை எடுத்தப்பவும் விழல."

ரதி அவன் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துத் தேய்த்தாள். திரும்ப மாட்டினாள். ஒரு இலக்கம் வந்தது. அவள் புருவம் சுருங்கியது. வேறு விரலில் மாட்டினாள். வேறு இலக்கம், கொஞ்சம் நல்லது. மூன்றாவது விரலில் ஒன்றும் வரவில்லை.

"கை குளிர்ந்திருந்தா இது குறைச்சும் காட்டும்" என்று தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள். "அண்ணா, மூச்சு முட்டுதோ?"

செபஸ்தியன் றோஸியைப் பார்த்தான்.

"இல்ல மிஸ்" என்றாள் றோஸி. "ராவெல்லாம் நல்லாத் தூங்குறாரு."

அவன் இரண்டு இரவாக உட்கார்ந்தபடிதான் இருந்தான். அதைச் சொன்னால் இப்போதே ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் யார் யாரோ வந்து போத்தலைப் பார்ப்பார்கள்; சட்டி வெளியே வரும்; பன்னிரண்டு பேரின் மருந்தும் நின்றுவிடும். அவனுக்கு ஊற்றவும் ஒன்றும் இராது. அதைத்தான் அவள் அந்த ஒரு நொடியில் கண்டாள். சட்டி நின்றுவிட்டால் இவர் என்ன ஆவார் என்று பயந்துதான் அவள் அப்படிச் சொன்னாள்.

"எண்டாலும் ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்கோ. இண்டைக்கே."

"ஓம் மிஸ். மழ விடட்டும்."

"மழையைப் பாக்க வேண்டாம் அக்கா." வாசலில் நின்று திரும்பியும் ஒருதரம் சொன்னாள். பிறகு குடையைச் சுருக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்று அவள் போக வேண்டிய தோட்டங்கள் இன்னும் இருந்தன.

மழை விடவில்லை. மறுநாள் காலை றோஸி உரலை அமுக்கிக்கொண்டிருந்தாள். பானையில் ஆவி வந்துவிட்டது. "மூடியத் தூக்குங்க" என்றாள், பழக்கத்தில். சத்தமில்லை. திரும்பிப் பார்த்தபோது அவன் வாயைத் திறந்து வைத்திருந்தான். உதடு நாவற்பழம் தின்றவன் உதடு மாதிரி இருந்தது. "றோஸி" என்று மட்டும் சொல்ல முடிந்தது. மாவு ஒட்டிய கையோடு அவள் முடுக்கில் ஓடினாள். வேலுசாமி சந்தியிலிருந்து ஒரு முச்சக்கர வண்டியைக் கூட்டி வந்து, இருவருமாக அவனைத் தூக்கி ஏற்றினார்கள். "மல்லி, இக்மனட யமு" என்று ஓட்டுகிற பையனின் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தார் வேலுசாமி. தம்பி, சீக்கிரம் போவோம். அவர் முதுகைத் தட்டினாலும் தட்டாவிட்டாலும் பஞ்சிகாவத்தைச் சந்தியில் வாகனங்கள் நின்றபடி நின்றன.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருத்தி கண் இமையைத் தூக்கிப் பார்த்தாள், நெஞ்சில் வைத்துக் கேட்டாள். "ஐ மெச்சர பரக்கு?" என்றாள். ஏன் இவ்வளவு தாமதம். றோஸிக்குச் சிங்களம் நன்றாக வரும். சந்தையிலும் கடையிலும் பேசுகிற சிங்களம்தான். மழை என்று மட்டும் சொன்னாள்.

"வீட்டில் என்ன மருந்து கொடுத்தீர்கள்?"

"பாணி" என்றாள்.

டொக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

வாயையும் மூக்கையும் மூடி முகமூடி போட்டார்கள். பார்க்க விடுகிற நேரத்தில் றோஸி பக்கத்தில் நின்றாள். அவன் முகமூடியை ஒரு பக்கம் தூக்கினான்.

"இந்தச் சத்தம் கேக்குதா? ஐஸ் அடிக்கிற மெசின் மாதிரியே இருக்கு."

"பேசாதீங்க."

"சட்டியில என் பங்கு வச்சிருக்காங்களா?"

"வச்சிருக்காங்க."

"வேலுவக் குடிக்க விடாத."

சட்டி காய்ந்துபோய்த் திரும்பவும் லுத்பியாவின் கட்டிலுக்கடியில் கிடந்தது. அதை அவள் சொல்லவில்லை. அடுத்த முறை போனபோது அவனை வேறு அறைக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே அவன் பேசவில்லை. கொச்சிக்கடைத் தேவாலயத் திருவிழாவுக்குப் போட்ட மின்குமிழ்ச் சரங்களைக் கழற்றிக்கொண்டிருந்த கிழமை, ஒரு பின்னேரம், செபஸ்தியன் இறந்துபோனான்.

பெட்டியை முடுக்கில்தான் வைக்க முடிந்தது, அறைக்குள் திரும்பாது. மேலே நீல நிறத் தறப்பாள் கட்டினார்கள். பேலியகொடையிலிருந்து ஆட்கள் வேலை முடித்து அப்படியே வந்தார்கள். ரப்பர் பூட்ஸைக் கழற்றி முடுக்கின் வாயிலில் வரிசையாக விட்டு, வெறுங்காலோடு பெட்டிக்குக் கிட்ட வந்தார்கள். அவர்கள் வந்தபோது ஐஸும் மீனும் கலந்த குளிர் மணம் உள்ளே வந்தது. அந்த மணத்துக்குத்தான் றோஸி முதல் தடவையாகச் சத்தம் வைத்து அழுதாள்.

ரதியும் வந்தாள். வெள்ளைச் சுடிதார், கையில் ஒன்றுமில்லை. லுத்பியா பிளேன்டீ கொடுத்தாள். ரதி குடிக்காமல் வைத்துக்கொண்டே இருந்தாள். போகும்போது றோஸியின் பக்கத்தில் குந்தினாள்.

"அக்கா, ஆராய்ச்சியில இருக்கிற ஒராள் செத்தா நம்பரைத் திறந்து, குடுத்தது எதெண்டு பாக்க வேணும். பெரிய டொக்டர் பாத்தவர். நானும் கூட இருந்தனான். போத்தலால ஒண்டும் நடக்கேல்லை அக்கா. பழைய சளி, பிந்திப் போச்சு. நீங்கள் அதை நினைச்சு மனசைப் போட்டு உடைக்காதேங்கோ."

ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனால் றோஸி காதில் அதில் ஒரு துண்டு மட்டும் தங்கியது. திறந்து பார்த்திருக்கிறார்கள்.

மாதம்பிட்டியில் அடக்கம் முடிந்து, வந்தவர்கள் போய், தறப்பாளை அவிழ்த்த பிறகும் அது அவளை விடவில்லை. இடியப்பம் பிழியத் தொடங்கினாள். கடைகள் வேறு ஆளைப் பிடிப்பதற்குள் தொடங்கித்தான் ஆக வேண்டும். பானை மூடியைத் துணி மடித்துத் தூக்கினாள். இரண்டு முறை கையைச் சுட்டுக்கொண்டாள். லுத்பியா கற்பூரவள்ளித் தண்டைப் பிளந்து வந்து கையில் தேய்த்தாள்.

"ராத்தா, அந்த மிஸ்ஸுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அவரு போத்தல்ல என்னா இருந்துச்சுன்னு."

லுத்பியா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "கேட்டு என்ன செய்யப் போற? தண்ணின்னு சொன்னா, அவருக்கு மருந்தில்லாத போத்தலக் குடுத்துட்டாங்கன்னு வெந்து சாவாய். மருந்துன்னு சொன்னா—" அங்கே நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லுங்க."

"எனக்கு ஒண்டும் சொல்ல ஈக்கல்ல."

"மருந்துன்னா, அவருக்கு வந்ததத் தூக்கித் தோட்டத்துக்கு ஊத்திக் குடுத்தது நான். அதானே?"

"தோட்டத்துக்கு இல்ல. அவருக்கு இல்லாமப் போயிரும்னு பயந்துதானே செஞ்ச. நாங்களும் சேந்துதான் ஊத்தின. ஒனக்கு மட்டும் பங்கு போட ஏலாது."

"மொதல்ல ஊத்துனது நான் ராத்தா."

"றோஸி, கேளு. சட்டி வெச்சத நீ போய்ச் சொன்னா அந்தப் புள்ளட வேல போயிரும். அது நல்ல புள்ள. நனஞ்சி நனஞ்சி வந்த. பொறகு இந்தத் தோட்டத்துப் பக்கம் ஒருத்தரும் ஒரு மருந்தும் கொண்டு வரமாட்டாங்க. செத்தவரு வரவும் மாட்டாரு."

"வேலு அண்ணே என்னா சொல்றாரு?"

"அவரு என்ன சொல்ற. ஒன்ட பேரச் சொன்னா அயன் பெட்டிய வெச்சிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிறாரு."

ஞாயிறு பூசைக்குப் பிறகு றோஸி வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினாள். வெறுங்கையோடு போகக் கூடாது என்று இடியப்பம் கட்டியிருந்தாள், சம்பலும் தனியாக. பம்பலப்பிட்டி தாண்டியதும் காலி வீதியின் ஒவ்வொரு சந்து முடிவிலும் கடல் ஒரு சாம்பல் துண்டாக வந்து வந்து மறைந்தது. ரதி போனில் சொன்ன சந்தில் இறங்கி நடந்தாள். ரெயில் பாதைக்கு முந்திய மாடி வீடு, பின்பக்கப் படி, மேலே ஒரு வாடகை அறை. உப்புக் காற்றில் கதவின் பெயின்ட் செதில் செதிலாக எழும்பியிருந்தது.

ரதி அடுப்பில் பருப்பு வைத்திருந்தாள். ஈரத் தலையோடு, சட்டென்று வயது குறைந்தவள் மாதிரித் தெரிந்தாள். கட்டிலில் இருந்த உடுப்புகளை ஒதுக்கி றோஸியை இருத்தினாள்.

"சாப்பிட்டிட்டுப் போங்கோ அக்கா. பருப்பு அவிஞ்சிடும்."

"இல்ல மிஸ். குடுக்க வந்தது இது. கேக்க வந்தது வேற."

ரதி அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து எதிரே கதிரையில் இருந்தாள்.

"மொதல்ல நான் ஒண்ணு சொல்லணும். நீங்க குடுத்த போத்தல யாரும் தனித் தனியாக் குடிக்கல."

"விளங்கேல்லை."

"நோன்புக் கஞ்சிச் சட்டி ஒண்ணு இருக்கு. பன்னெண்டையும் அதுல ஊத்திட்டோம். கலக்கி அளந்து குடிச்சோம். நீங்க வர்ற அன்னிக்கு திருப்பி ஊத்தி வச்சோம். கொறஞ்சதுக்குச் சாயத் தண்ணி விட்டோம். யோசன என்னோடது. மத்தவங்க மேல ஒண்ணும் எழுதாதீங்க."

  கீழே ரெயில் ஒன்று போனது. ஜன்னல் கண்ணாடி அது போகுமட்டும் நடுங்கியது.

"பன்னிரண்டு பேரும்?"

"பன்னெண்டு பேரும்."

"நான் உங்கட தோட்டத்தைப் பற்றி எழுதிக் குடுத்திட்டன் அக்கா. ஆருக்கு எப்பிடிச் சுகம் வந்ததெண்டு ஒவ்வொருத்தராய். பெரிய டொக்டர் அதைத்தான் கூட்டத்தில வாசிச்சவர்."

"மூச்சு முட்டலன்னு சொன்னதும் பொய் மிஸ். ராவெல்லாம் உக்காந்துதான் இருந்தாரு."

"எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும்" என்றாள் ரதி. "அந்த முதல் இலக்கத்தை நான் பாத்தனான். கை குளிர் எண்டு நினைச்சன். மற்ற இலக்கம் நல்லா இருந்தபடியா அதை எழுதினன்." அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். "எனக்கு அது வசதியா இருந்தது அக்கா."

பருப்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. ரதி எழும்பிப் போய் மூடியை நகர்த்திவிட்டு, அங்கேயே முதுகைக் காட்டி நின்றாள்.

"உங்க வேல போயிருமா?" என்று றோஸி கேட்டாள்.

"தெரியாது."

"நான் உங்களப் பழி சொல்ல வரல. ஆஸ்பத்திரியில ஏன் லேட்டுன்னு கேட்டாங்க, அது என் தப்பு, அது எனக்குத் தெரியும். அத யார்கிட்டயும் கேக்க வேணாம். இது மட்டுந்தான் எனக்குத் தெரியாது."

"அக்கா, அந்தச் சாறு மனிசருக்கு வேலை செய்யுதோ எண்டதே எங்களுக்கு இன்னும் தெரியாது. எந்தப் போத்தலெண்டாலும் அவர்—"

"அத நீங்க மொதல் நாளே சொன்னீங்க. நாங்கதான் கேக்கல." றோஸி எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றாள். அடுப்பின் சூடு இருவர் முகத்திலும் அடித்தது. "வேல செஞ்சுதா இல்லையான்னு நான் கேக்கல மிஸ். அவருக்குன்னு வந்தது என்னா? அவரு பேருக்கு வந்தத நான் கவுத்து ஊத்தினேன். ஊத்தும்போது கை நின்னுச்சு. ஏன் நின்னுச்சுன்னு தெனமும் யோசிக்கிறேன். மாவு பெசையும்போது யோசிக்கிறேன், பூசையில முழங்கால்ல நிக்கும்போதும் அதேதான். ராத்தா கேக்காதன்னு சொல்றாங்க. அவரு கூட வாழ்ந்தது நான், அவங்க இல்ல. எதச் சொன்னாலும் நான் இங்க விழுந்து அழ மாட்டேன், தோட்டத்துலயும் சொல்ல மாட்டேன், உங்க டொக்டர்கிட்டயும் வர மாட்டேன். நீங்க கண்ணால பாத்திருக்கீங்க. அவரு போத்தல்ல என்னா இருந்துச்சு, அத மட்டும் எனக்குச் சொல்லுங்க."